நான்காவது விதி

மார்ச் 3, வெள்ளி

என் மனைவி வடிவின் எடை 84.6 கிலோ. மருத்துவமனை எடைமேடையில், செருப்பில்லாமல்.

எழுபத்தாறுக்குக் கீழே வந்தால்தான் முழங்காலில் அறுவை என்று மூட்டு மருத்துவர் சொல்லிவிட்டார். “இந்த வெயிட்ல பண்ணினா புது மூட்டும் ரெண்டு வருஷம் தாங்காதும்மா.” மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்.

எங்கள் வீடு இரண்டாம் மாடியில். நாற்பத்திரண்டு படிகள். லிஃப்ட் கிடையாது. போன வருடம் ஜனவரிக்குப் பிறகு வடிவு தன் காலால் கீழே இறங்கியதில்லை. இன்று பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து வாட்ச்மேனும் கீழ்வீட்டு டிரைவரும் தூக்கி இறக்கினார்கள். வழி நெடுகக் கண்ணை இறுக மூடியிருந்தாள். நான் அவளுடைய கைப்பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் இறங்கினேன்.

திரும்பி வந்ததும் சொன்னாள்: “இனிமே என்னைச் சாக்கு மூட்டை மாதிரி யாரும் தூக்கக் கூடாது. எனக்கு நானே இறங்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்.”

முப்பத்தொரு வருடம் கல்லூரியில் புள்ளியியல் நடத்தியவன். எட்டரை கிலோவைப் பன்னிரண்டு வாரத்தால் வகுத்துப் பார்த்தேன். வாரத்துக்கு எழுநூறு கிராம். முடியாததில்லை.

மார்ச் 5, ஞாயிறு

வேதியியல் துறையில் இருந்த அருணகிரி என்னை ‘மாவில்லா வாழ்வு’ என்ற வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார். ஐந்து மாதத்தில் பதினோரு கிலோ குறைந்திருக்கிறார். அரிசி, கோதுமை, சிறுதானியம், கிழங்கு, சர்க்கரை, பழம் எதுவும் கூடாது. காய், கீரை, பனீர், தேங்காய், நெய், பாதாம். வயிறு நிறையச் சாப்பிடலாம், மாவுச்சத்து மட்டும் ஆகாது. தினமும் தட்டைப் படமெடுத்துக் குழுவில் போட வேண்டும்.

விதிகள் ஆறு. நோட்டில் எழுதிக்கொண்டு வடிவுக்கும் வாசித்துக் காட்டினேன். நான்காவது: ‘சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள், மருத்துவரிடம் சொல்லி அளவை மாற்றிக்கொள்ளாமல் தொடங்கவே கூடாது.’

வடிவு பதினான்கு வருடமாகக் காலையில் மாத்திரை போடுகிறாள். அந்த விதியின் கீழே சிவப்பு மையால் கோடிட்டேன். சர்க்கரை மருத்துவரை 20ஆம் தேதிதான் பார்க்க முடியும். அதற்காகப் பதினைந்து நாளை வீணாக்க வேண்டியதில்லை. நாளை தொடங்குகிறோம். அவரிடம் அன்று கேட்டுக்கொள்ளலாம்.

மார்ச் 6, திங்கள்

காலை பனீர், மோர். மதியம் அரைக்கீரை, தேங்காய் போட்ட முட்டைக்கோஸ், நெய். மாலை பாதாம், எண்ணி நூறு.

மதியம் தட்டைப் பார்த்துவிட்டு, “சோறு எங்க?” என்றாள்.

“சோறு கிடையாது வடிவு. நேத்தே சொன்னேன்ல.”

“அப்போ கொழம்பை எதுல ஊத்த? உங்க நோட்டுலயா?”

வேலைக்கு வரும் ராஜகனி சிரித்துவிட்டாள். “ஆச்சி, சார் பரிட்சை வைக்காங்க. பாஸாயிருங்க.”

நானும் இதையேதான் சாப்பிடுவேன் என்று வடிவிடம் சொன்னேன். முட்டை சேர்த்தால் இன்னும் சீக்கிரம் குறையும் என்று குழுவில் ஒருவர் எழுதியதை வாசித்துக் காட்டினேன். “முட்டையும் தின்னச் சொல்லுவிய, இனி கோழியும் பிடிச்சுட்டு வருவியளோ” என்றாள். சைவக் குடும்பத்தில் பிறந்தவள். நான் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

மார்ச் 9, வியாழன்

83.2. மூன்று நாளில் இவ்வளவா? வீட்டு எடைமேடையில் பிழை இருக்குமோ என்று ஐந்து கிலோ அரிசிப் பையை வைத்துப் பார்த்தேன். சரியாகத்தான் காட்டுகிறது.

மார்ச் 12, ஞாயிறு

82.5.

காய்கறி வாங்கப் போன இடத்தில் இரண்டு இட்லி சாப்பிட்டேன். எனக்கு எடை குறைய வேண்டிய அவசியம் இல்லை. இதை அவளிடம் சொல்வதால் யாருக்கும் நன்மையில்லை.

மார்ச் 14, செவ்வாய்

பதினோரு மணிவாக்கில் வடிவுக்கு வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. தண்ணீர்ச் செம்பைப் பிடிக்க முடியவில்லை. “எனக்கு என்னமோ பண்ணுது” என்றாள். காரணமில்லாமல் ராஜகனியிடம் சத்தம் போட்டாள்.

குழுவில் கேட்டேன். முதல் மாதம் உடம்பு பழகும்வரை அப்படித்தான் இருக்கும், உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு கொடுங்கள் என்றார்கள். கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. நான் பக்கத்து அறைக்குப் போய்த் தேதியும் நேரமும் குறித்துவிட்டு வந்தபோது ராஜகனி அவள் வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

“நாலாம் நம்பர்னு ஏதோ வாசிச்சியளே, மாத்திரை பத்தி. அதை டாக்டர்ட்ட கேட்டுருங்க” என்றாள் வடிவு. கேட்கிறேன் என்றேன்.

மார்ச் 20, திங்கள்

சர்க்கரை மருத்துவரைப் பார்க்க நான் மட்டும் போனேன். ரத்தம் வீட்டிலேயே வந்து எடுத்தார்கள். வெறும் வயிற்றில் 84. அறிக்கையைப் பார்த்து அவருக்கு மகிழ்ச்சி. “இத்தனை வருஷத்துல இவ்வளவு நல்லா வந்ததே இல்லையே. என்ன பண்ணினீங்க?”

சாப்பாட்டில் கொஞ்சம் கவனமாக இருக்கிறோம் என்றேன்.

“கன்டினியூ பண்ணுங்க. அதே மாத்திரை. வேற ஏதாவது கேக்கணுமா?”

மூன்று வருடம் முன்பு இதே அறையில் வெந்தயத்தைப் பற்றி ஒன்று கேட்டேன். “யூடியூப் பாத்து வைத்தியம் பண்றதுன்னா என்கிட்ட எதுக்கு சார் வர்றீங்க” என்றார். கதவு திறந்திருந்தது. வெளியே பத்துப் பேராவது இருந்திருப்பார்கள். அதில் ஒருவன் என் மாணவன்.

ஒன்றுமில்லை என்று சொல்லி எழுந்தேன். சட்டைப் பையில் கேள்வி எழுதிய சீட்டு அப்படியே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் வடிவு, “கேட்டியளா?” என்றாள்.

“அதே மாத்திரையைப் போடச் சொன்னார்.”

இது உண்மைதான். அப்படித்தான் சொன்னார்.

மார்ச் 25, சனி

79.9. எழுபதுகளுக்குள் வந்துவிட்டோம்.

எடைமேடையைப் படமெடுத்துக் குழுவில் போட்டேன். அறுபத்தொரு பேர் வாழ்த்தியிருக்கிறார்கள். குழுவை நடத்தும் தொண்டர் ஒருவர் என்னை ‘வழிகாட்டிக் கணவர்’ என்று எழுதியிருந்தார். மகள் லோசனி புனேயிலிருந்து பேசினாள். “அப்பா, நீங்க இல்லேன்னா அம்மா ஒரு கிலோ குறைஞ்சிருக்க மாட்டா.” அறுபத்தொரு பெயர்களையும் இரண்டு முறை வாசித்தேன். பணி ஓய்வு அன்றுகூட இத்தனை பேர் வரவில்லை.

வடிவைக் கூப்பிட்டுக் காட்டினேன். “நல்லது” என்றாள். நெற்றியெல்லாம் வேர்வை. மின்விசிறியை வேகமாக வைத்தேன்.

மார்ச் 28, செவ்வாய்

வடிவின் தலையணை உறையை மாற்றும்போது எறும்பு ஊர்ந்தது. உள்ளே ஒரு பொட்டலம். கருப்பட்டி. நான்கு துண்டுகள், ஒன்று பாதி கடித்தது.

நான் கோபப்படுகிறவன் இல்லை. இன்று என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. மூன்று வாரமாக நான் நிறுத்துக் கொடுப்பதும், இவள் திருடித் தின்பதும் என்றால் இந்தக் குறிப்புகளுக்கு என்ன மதிப்பு?

“திருடித் திங்கலை” என்றாள். “நடுக்கம் வரும்போது ஒரு துண்டு வாயில போட்டா நிக்கி. அதான் வச்சிருக்கேன்.”

“அது உன் நாக்கு கேக்குறது வடிவு. உடம்பு கேக்குறதில்ல.”

“எது கேக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்க உடம்பா?”

வாங்கிக் கொடுத்தது ராஜகனி. அவளை அழைத்துக் கண்டித்தேன். “சார், ஆச்சி கிடந்து ஆடுதாவ. நான் பாத்துட்டு நிக்கவா?” என்று என்னையே கேட்டாள். இனிமேல் பெருக்கித் துடைத்துவிட்டுப் போனால் போதும், சாப்பாட்டு விஷயத்தில் தலையிட வேண்டாம் என்றேன்.

கருப்பட்டியைக் குப்பையில் போட்டேன். சர்க்கரை டப்பாவையும் வெல்லத்தையும் பரணில் ஏற்றிவிட்டேன். அவளால் முக்காலியில் ஏற முடியாது.

மார்ச் 29, புதன்

79.3. வடிவு பேசவில்லை.

மார்ச் 31, வெள்ளி

78.8. இன்றும் பேசவில்லை. கொடுத்ததைச் சாப்பிடுகிறாள், பாதிதான். பசியில்லையாம். எடை விரைவாக இறங்குவதால் நான் வற்புறுத்தவில்லை.

ஏப்ரல் 2, ஞாயிறு

வடிவு ஆஸ்பத்திரியில்.

ஏப்ரல் 4, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

7.30க்கு மாத்திரை கொடுத்தேன். 8 மணிக்குப் பனீர் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டுப் போதும் என்றாள். 9.10க்கு நான் காய்கறி வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது 10.25. நேராக வந்திருந்தால் 9.50க்கு வந்திருக்கலாம். ஓட்டலில் கூட்டம்.

நாற்காலியில் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தாள். சேலை நனைந்திருந்தது, வேர்வையில். கூப்பிட்டேன். கண்ணைத் திறந்து, “நீங்க யாரு? அவிய கடைக்குப் போயிருக்காவ” என்றாள். பிறகு கையும் காலும் வெட்டி இழுக்கத் தொடங்கியது. முக்காலி கீழே விழுந்து கிடந்தது. பரணுக்கு நேராக.

ஆம்புலன்ஸ்காரர்கள் ரத்தம் சோதித்தார்கள். சர்க்கரை 31. அங்கேயே ஊசி வழியாகக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். இன்னும் அரை மணி நேரம் ஆகியிருந்தால் என்று ஒருவர் சொல்லத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். போர்வையில் சுற்றி நாற்பத்திரண்டு படியும் தூக்கி இறக்கினார்கள்.

அவசரப் பிரிவில் இருந்தது ஒரு இளம் பெண் மருத்துவர். “அம்மாவுக்குச் சாப்பாடு யாரு பாத்துக்கிறது? மாத்திரை போட்டுட்டு ஏன் சாப்பிடலை?” என்று கேட்டார். சுருக்கமாகப் பதில் சொன்னேன்.

ஏப்ரல் 5, புதன்

வடிவு தெளிவாக இருக்கிறாள். இட்லி சாப்பிட்டாள். காலையில் அந்தப் பெண் மருத்துவர் வந்து அவளைக் கடிந்துகொண்டார். “பாட்டி, இப்படிப் பட்டினி கிடந்து எந்த அழகிப் போட்டிக்குப் போகப் போறீங்க? வீட்டுல தாத்தா எவ்வளவு சொல்லியும் கேக்கலையாமே?” செவிலியர் இரண்டு பேர் சிரித்தார்கள்.

வடிவு என்னைப் பார்த்தாள். நான் டிரிப்ஸ் சொட்டுவதை எண்ணிக்கொண்டிருந்தேன். நிமிடத்துக்கு இருபத்திரண்டு.



ஏப்ரல் 6, வியாழன்

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாத்திரை பாதியாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. கையில் கொடுத்த அறிக்கையில் ஒரு வரி: ‘வீட்டாரின் கூற்றுப்படி, நோயாளி தம் விருப்பத்தின்பேரில் உணவைத் தவிர்த்துவந்தார். அறிவுரையை ஏற்கும் இயல்பு குறைவு.’

வீட்டார் என்பது நான்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். அந்த மருத்துவருக்கு என் மகளைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். மிரட்டவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். “அவ சரியாச் சாப்பிட மாட்டேங்கிறா டாக்டர், சொன்னாக் கேக்க மாட்டா.” வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்னபோது வடிவுக்கு நினைவில்லை என்று நினைத்தேன். கட்டில் பக்கத்திலேயே இருந்தது.

ஏப்ரல் 15, சனி

வடிவின் தங்கை பிரமு அம்பாசமுத்திரத்திலிருந்து வந்து நான்கு நாள் இருந்துவிட்டு இன்று போனாள். தினமும் சோறு. வடிவு முதல் நாள் ஒரு கை சோற்றை வைத்துக்கொண்டு வெகுநேரம் பிசைந்துகொண்டிருந்தாள். பிரமு போகும்போது என்னிடம், “அத்தான், அக்காவுக்கு எதுக்கு இந்தப் பிடிவாதம்? இந்த வயசுல பட்டினி கிடந்துக்கிட்டு” என்றாள். ஆமாம் என்று தலையசைத்தேன்.

மாலையில் லோசனி பேசினாள். ஒலிபெருக்கியில் போட்டிருந்தோம். “அம்மா, உனக்கு அறிவு இருக்கா? அப்பா இந்த வயசுல தனியா ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்காங்க. நீ ஒழுங்காச் சாப்பிட்டா என்ன?”

“இனிமே சாப்பிடுதேன்ளா” என்றாள் வடிவு.

நான் பாதாம் டப்பாவை மூடித் திறந்து மூடினேன்.

குழுவிலிருந்து விலகிவிட்டேன். காரணம் கேட்டவர்களுக்குப் பதில் போடவில்லை.

ஏப்ரல் 24, திங்கள்

மூட்டு மருத்துவரிடம் முன்னதாகவே போனோம். வடிவை மறுபடியும் நாற்காலியில் தூக்கித்தான் இறக்கினார்கள். எடை 79.6. அவர் எடையைப் பார்க்கவேயில்லை. அறிக்கையின் அந்த ஒரு வரியில் பேனாவை வைத்தார்.

“இவங்களா பட்டினி கிடந்து மயங்கி விழுந்திருக்காங்க. நாளைக்கு ஆபரேஷன் பண்ணிட்டு, நான் சொல்ற எக்சர்சைஸைப் பண்ணாம இருந்தா? மூட்டு இறுகிடும். பேரு எனக்குத்தான் கெடும். இப்போ வேண்டாம் சார். சர்க்கரை டாக்டர்கிட்ட, இவங்க சொன்னபடி நடந்துக்குவாங்கன்னு எழுதி வாங்கிட்டு வாங்க. அப்புறம் யோசிப்போம்.”

“நான் பண்ணுவேன் டாக்டர்” என்றாள் வடிவு. “என்ன சொன்னாலும் பண்ணுவேன்.”

“எல்லாரும் முதல்ல அப்படித்தாம்மா சொல்லுவாங்க.”

அவள் என் பக்கம் திரும்பினாள். அறையில் மூன்று பேர்தான் இருந்தோம். நான் எழுந்து அறிக்கைகளைத் தேதிவாரியாக அடுக்கி உறையில் போட்டேன்.

ஆட்டோவில் வரும்போது அவள் வெளியே பார்த்தபடி வந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 27, வியாழன்

சர்க்கரை மருத்துவருக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். மார்ச் 5 முதல் ஏப்ரல் 2 வரை நடந்தவை, பட்டியலோடு. மூன்று பக்கம் வந்துவிட்டது. ‘உணவு குறைக்கப்பட்டது’ என்று எழுதியிருந்தேன். யாரால் என்று வரவில்லை. அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். ‘எங்கள் வீட்டில் எடுக்கப்பட்ட முடிவின்படி’ என்று வந்தது.

மே 1, திங்கள்

நான்காவது பிரதி. ராஜகனி பெருக்க வந்தவள், காலைத் தூக்கச் சொல்லிவிட்டு மேசையைப் பார்த்தாள். “என்ன சார், ராமாயணமா?”

மருத்துவருக்குக் கடிதம் என்றேன்.

“ஆச்சிக்கு அன்னைக்குக் கருப்பட்டியைக் குடுத்துருந்தா இம்புட்டுப் பேப்பர் மிச்சம்” என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனாள். அவளை அனுப்பிவிடலாமா என்று யோசித்தேன். அவள் சொன்னதில் தவறில்லை.

மே 4, வியாழன்

கடிதத்தை வடிவிடம் வாசித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டாள்.

“நல்லா எழுதியிருக்கிய. இதைக் குடுத்துட்டு நீங்க வெளிய வந்துருவிய. அவரு வாசிக்கும்போது பக்கத்துல இருக்க மாட்டிய. அப்படித்தான?”

அப்படித்தான் திட்டமிட்டிருந்தேன்.

“வாயால சொல்லுங்க. நானும் வாரேன். என் முன்னால சொல்லுங்க.”

“உன்னை மறுபடி தூக்கி இறக்கணுமே.”

“தூக்கட்டும்.”

மே 9, செவ்வாய்

எங்கள் முறை பதினெட்டாவது. எனக்கு இரண்டு முறை சிறுநீர் கழிக்கப் போக வேண்டியிருந்தது.

உள்ளே போனதும் அவர் அறிக்கையை வாசித்துவிட்டு, “என்னம்மா இது?” என்றார். வடிவு மடியில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவர் அவளைப் பார்த்தார், பிறகு என்னை.

நான் சொன்னேன். “சோற்றை நிறுத்தியது நான். மாத்திரை அளவைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். உங்களிடம் கேட்கவில்லை. அவள் கருப்பட்டி வைத்திருந்தாள், நான் பிடுங்கிப் போட்டேன். ஆஸ்பத்திரியில் அவள்மேல் பழியைப் போட்டேன்.” வகுப்பில் பாடம் ஒப்பிக்கிற பையனைப் போல நின்றுகொண்டே சொன்னேன். ஐந்து வாக்கியம். மூன்று பக்கத்தில் வராதது ஐந்து வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“சோத்தைக் குறைச்சது தப்பில்ல சார். இவங்களுக்கு நல்லதுதான். அந்த மாத்திரை, சாப்பிட்டாலும் சாப்பிடலேன்னாலும் சர்க்கரையை இறக்கிக்கிட்டே இருக்கும். சொல்லியிருந்தா அன்னைக்கே குறைச்சிருப்பேன். ரெண்டு நிமிஷ வேலை. எதுக்குக் கேக்கலை?”

வெந்தயத்தைச் சொல்லவில்லை. அவருக்கு நினைவிருக்காது. “பயம்” என்றேன்.

“என்கிட்டயா?” அவருக்கு உண்மையிலேயே வியப்பு.

மாத்திரையை மாற்றி எழுதினார். மதியம் ஒரு கப் சோறு, மிச்சம் காயும் பருப்பும். மெதுவாக இறங்கட்டும் என்றார். மூட்டு மருத்துவருக்கு அவரே கைப்படக் கடிதம் எழுதினார்: ‘நோயாளி முழு ஒத்துழைப்புத் தருபவர்.’ வடிவு அதை வாங்கி இரண்டு முறை வாசித்துவிட்டுத் தன் பையில் வைத்துக்கொண்டாள். என்னிடம் தரவில்லை.

ஆட்டோவில், “சொல்லிட்டேன்” என்றேன்.

“முப்பத்தேழு நாள்” என்றாள்.

வீட்டுக்கு வந்து, ஆஸ்பத்திரியில் நான் பழி சொன்ன ஏப்ரல் 2இலிருந்து எண்ணிப் பார்த்தேன். சரிதான்.

மே 12, வெள்ளி

லோசனியிடமும் பிரமுவிடமும் தொலைபேசியில் சொன்னேன். லோசனி, “அம்மாவை நான் என்னெல்லாம் பேசிட்டேன்” என்று அழுதாள். என்னைத் திட்டவில்லை. இப்போதெல்லாம் அவள் அம்மாவின் எண்ணுக்குத்தான் அழைக்கிறாள்.

ஜூன் 8, வியாழன்

77.1. வடிவே எழுதிக்கொள்கிறாள், நாள்காட்டியின் ஓரத்தில். தன் சோற்றைத் தானே அளந்து போட்டுக்கொள்கிறாள். நான் அடுப்படிக்குப் போனால், “நீங்க உக்காருங்க” என்கிறாள். மரியாதையாகத்தான் சொல்கிறாள்.

ஜூன் 22, வியாழன்

75.8. மூட்டு மருத்துவர் நாள் குறித்துவிட்டார். ஜூலை 3, திங்கள். ஆறு வாரம் பயிற்சி செய்தால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி இறங்கலாம் என்றார். வடிவு சிரித்தாள். இந்த வருடத்தில் அவள் பல் தெரியச் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். மருத்துவரைப் பார்த்துச் சிரித்தாள்.

சாயங்காலம் பிரமுவோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். நான் அடுத்த அறையில் செய்தித்தாள் மடித்துக்கொண்டிருந்தேன். அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

“ஆமாளா, ஆறு வாரங்கழிச்சு. நானே இறங்கி வாரேன், யாரும் தூக்க வேண்டாம். உன் வீட்டுல கீழ் ரூம்பு சும்மாதான கிடக்கு? அதை ஒதுங்க வையி… இல்ல, கொஞ்ச நாளைக்கில்ல… ரெண்டு கட்டில் எதுக்கு? ஒண்ணு போதும். அவிய இங்கயே இருப்பாவ.”

என்னிடம் இன்னும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.